லேசான தோட்டா வாங்குங்கள்
கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் முதன்முறையாகத் துப்பாக்கி உரிமம் பெற்றவர்களுக்கு ஒரு திறந்த மடல்



விண்ணப்பம் கொடுத்து, காவல் நிலைய விசாரணை முடிந்து, பயிற்சிச் சான்றிதழையும் இணைத்து, ஒருவழியாகக் கலெக்டர் அலுவலகத்திலிருந்து உரிமம் கைக்கு வந்துவிட்டது. சிலர் அப்பாவோ தாத்தாவோ வைத்திருந்த இரட்டைக்குழல் துப்பாக்கியை உங்கள் பெயருக்கு மாற்றியிருக்கிறீர்கள். சிலர் புதிதாகவே வாங்கியிருக்கிறீர்கள். கச்சிராயப்பாளையம், சங்கராபுரம், சின்னசேலம் பக்கம் கரும்பும் மக்காச்சோளமும் மரவள்ளியும் போடுகிறவர்கள் உங்களில் உண்டு. பறக்கும் தட்டைச் சுடும் விளையாட்டில் ஆசைப்பட்டு வந்த பிள்ளைகளும் உண்டு. யாராக இருந்தாலும் ஆயுதக் கடையில் போய் நின்றதும் வாயில் வருவது ஒன்றுதான்: "எல்.ஜி. இருக்குங்களா?"

அந்தக் கேள்விதான் இந்த மடலை எழுத வைத்தது. 12 போர் எல்.ஜி. தோட்டாவுக்குள் இருப்பது ஆறே ஆறு தடித்த ஈயக் குண்டுகள். எஸ்.ஜி. என்றால் எட்டோ ஒன்பதோ. பெரிய விலங்கைக் குறிவைத்துச் செய்யப்பட்ட தோட்டாக்கள் அவை. அவற்றைச் சுட்டு யாரும் சுடக் கற்றதில்லை. நம் ஊரில் நடப்பது என்ன? கொஞ்சம் எல்.ஜி. வாங்கி, வாங்கிய அன்று ஒன்றிரண்டை வெடித்துப் பார்த்து, தோள் வலிக்கிறது என்று மிச்சத்தைப் பீரோவில் பூட்டி வைக்கிறோம். பித்தளை அடிப்பாகம் பச்சை பூக்கும்வரை அது அங்கேயே கிடக்கிறது. பிறகு ஏதோ ஓர் இரவில், சத்தம் கேட்டு எழுந்த தூக்கக் கலக்கத்தில், சுடத் தெரியாத கை அந்தத் தோட்டாவை எடுக்கிறது. உரிமம் உள்ள துப்பாக்கியால் நடக்கும் விபத்துகளில் எனக்கு அதிகம் பயம் தருவது இந்த இரவுதான்.

ஆகவே நான் கேட்டுக்கொள்வது இது. முதல் ஆண்டில் துப்பாக்கிக்கு மேலும் மேலும் செலவு செய்யாதீர்கள், தோட்டாவுக்குச் செய்யுங்கள். அதுவும் எடை குறைந்த, சிறு ரவை (பொடி ஈய மணிகள்) நிரப்பிய தோட்டாவுக்குச் செய்யுங்கள். வாங்கியதைப் பீரோவில் சேர்க்காமல், உரிமம் பெற்ற சுடுதளத்தில் ஒரு பயிற்றுநர் பக்கத்தில் நிற்கச் சுட்டுத் தீர்த்துவிடுங்கள்.

லேசான தோட்டா என்றால் விளையாட்டுப் பொருள் என்று நினைக்க வேண்டாம். ஒலிம்பிக்கில் தட்டு சுடும் பிரிவுகளான டிராப், ஸ்கீட் இரண்டிலும் ஒரு தோட்டாவுக்கு அனுமதிக்கப்பட்ட ரவையின் எடை 24 கிராம். முன்பு 28 கிராமாக இருந்ததைத்தான் குறைத்து இதற்குக் கொண்டுவந்தார்கள். புதுக்கோட்டைக்காரரான பிருத்விராஜ் தொண்டைமான், 2023 அக்டோபரில் ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் கைனான் செனாய், சொராவர் சிங் சந்து இருவருடனும் சேர்ந்து டிராப் அணிப் பிரிவில் தங்கம் வென்றார். 2024 இல் பாரிஸ் ஒலிம்பிக்கிலும் சுட்டார். அங்கெல்லாம் அவருடைய குழலில் இருந்தது இதே 24 கிராம்தான். 11 சென்டிமீட்டர் அகலத் தட்டு, நம்மைவிட்டு விலகி 76 மீட்டர் தூரம் போய் விழும் வேகத்தில் பறக்கிறது. அதைத் தூளாக்க 24 கிராம் போதும் என்றால், பழகத் தொடங்கும் நமக்கு அதற்கு மேல் எதற்கு?

உதையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரே துப்பாக்கியில் 24 கிராம் தோட்டாவிலிருந்து 36 கிராம் தோட்டாவுக்குப் போனால், தோளில் வந்து சேரும் உதையின் ஆற்றல் ஏறக்குறைய இரட்டிப்பாகும். கற்றுக்கொள்கிறவருக்கு இதுதான் பெரிய விஷயம். பலமாக உதைபட்ட உடம்பு அடுத்த முறை விசையைத் தொடும்போதே சுருங்கும். கண் மூடும், கன்னம் கட்டையைவிட்டு எழும், குழல் கீழே இறங்கும். இந்தப் பழக்கம் ஒருமுறை உடம்பில் ஏறிவிட்டால் அதைக் கழற்ற மாதக்கணக்காகும்; அதற்கு ஆகும் தோட்டாச் செலவு, நீங்கள் மிச்சம் பிடிக்க நினைத்ததைப் போலப் பல மடங்கு. பெண்களும் மெலிந்த உடம்புக்காரர்களும் இந்த விளையாட்டை முதல் நாளிலேயே விட்டுப் போவதற்கும், பெரும்பாலும் யாரோ அவர்கள் கையில் கனத்த தோட்டாவைக் கொடுத்ததுதான் காரணம். அப்படிக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நின்று சிரிப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். அது எனக்குக் கோபம் தரும் காரியம்.

இனி ரவையின் எண். எண் ஏற ஏற ரவை சிறியதாகும். பிரிட்டிஷ் அளவுக் கணக்கில் ஓர் அவுன்ஸுக்கு 6ஆம் எண் ரவை 270, ஏழரை என்றால் 400, 8ஆம் எண் 450. ஆக 24 கிராம் தோட்டாவில் 8ஆம் எண் ரவை என்றால் சுமார் 380 மணிகள். கைவிதைப்பு போல அவை பரவிப் போகின்றன. காகிதத்தில் சுட்டால் நூற்றுக்கணக்கான ஓட்டைகள் விழும். நடுப்புள்ளி எங்கே நின்றது, நாம் இடப்பக்கம் இழுத்தோமா, மேலே தூக்கினோமா என்பது தெளிவாகத் தெரியும். எல்.ஜி. சுட்டால் ஆறு ஓட்டை. அதிலிருந்து என்ன படிப்பது? பயிற்சிக்கு ஏழரை அல்லது 8 வாங்குங்கள். ஸ்கீட் ஆடுகிறவர்கள் 9 கேட்பார்கள், அது பிறகு.

சிறு ரவைக்கு இன்னொரு பெரிய நன்மை உண்டு. 8ஆம் எண் ரவை எவ்வளவு உயர்த்திச் சுட்டாலும் ஏறத்தாழ 170, 180 மீட்டருக்குள் விழுந்துவிடும். எஸ்.ஜி. குண்டு 600 மீட்டரையும் தாண்டிப் போகக்கூடியது. கரும்புத் தோட்டத்துக்கு அந்தப் பக்கம் யார் தண்ணீர் கட்டிக்கொண்டிருக்கிறார் என்று நமக்குத் தெரியுமா? தட்டு சுடும் தளத்தின் பாதுகாப்பு எல்லையையே சிறு ரவையின் கணக்கை வைத்துத்தான் போடுகிறார்கள். தட்டு சுடும் திடலில் எல்.ஜி.யை அனுமதிக்காததற்குக் காரணம் இது.

இப்போது எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்று. தாத்தாவின் துப்பாக்கி கைக்கு வந்தவர்கள் இந்தப் பத்தியை இரண்டு முறை படியுங்கள். 12 போர் என்று எழுதியிருந்தால் எல்லா 12 போர் தோட்டாவும் பொருந்தும் என்பதில்லை. தோட்டா உட்காரும் அறையின் நீளம் பழைய இங்கிலாந்து, பெல்ஜியத் துப்பாக்கிகள் பலவற்றில் 65 மில்லிமீட்டர். பிற்காலத்தவை பெரும்பாலும் 70. சில புதியவை 76. தோட்டாப் பெட்டியில் எழுதியிருக்கும் நீளம், சுட்ட பிறகு வாய் மடிப்பு விரிந்த நிலையில் உள்ள நீளம். ஆகவே 70 மில்லிமீட்டர் தோட்டா சுடுவதற்கு முன் 65 மில்லிமீட்டர் அறைக்குள் எந்தத் தடையும் இல்லாமல் உட்கார்ந்துவிடும். துப்பாக்கியும் மூடும். சுடும்போது மடிப்பு விரிய இடமில்லாமல் குழலின் குறுகலுக்குள் போய் நெருக்கும், அழுத்தம் ஏறும். பல முறை ஒன்றும் ஆகாமல் இருக்கலாம். அந்தத் துப்பாக்கி எழுபது எண்பது ஆண்டுப் பழையது, உள்ளே துரு எங்கே தின்றிருக்கிறது என்று தெரியாது என்பதை நினைத்துப் பாருங்கள். குழலைக் கழற்றினால் அடிப்பக்கத் தட்டையில் சோதனை முத்திரைகளும் அறை நீளமும் பொறித்திருக்கும். படிக்க முடியவில்லை என்றால் உரிமம் பெற்ற துப்பாக்கி மெக்கானிக்கிடம் காட்டி அளக்கச் சொல்லுங்கள். அதற்கு முன் ஒரு தோட்டாவும் வாங்க வேண்டாம். குறைந்த விலைக்குக் கிடைக்கிறது என்று நீளம் பார்க்காமல் வாங்கும் தோட்டாதான் இருப்பதிலேயே விலை கூடியது.

கடையில் கிடைப்பது பெரும்பாலும் நம் நாட்டுத் தோட்டா. புனேயை அடுத்த கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலையில் செய்யும் சக்திமான் தோட்டாவைத்தான் பல தலைமுறையாக நம் ஆட்கள் சுட்டு வருகிறார்கள். 2021 அக்டோபரில் பழைய ஆயுதத் தொழிற்சாலை வாரியம் கலைக்கப்பட்ட பிறகு அந்த ஆலை மியூனிஷன்ஸ் இந்தியா நிறுவனத்தின் கீழ் வந்தது. பயிற்சிக்கு உள்நாட்டுத் தோட்டா போதுமா என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். போதும். வெளிநாட்டுப் போட்டித் தோட்டாக்கள் ஒரே சீராக இருக்கும் என்பது உண்மை. ஆனால் அந்தச் சீரின் பயன் தெரிய, முதலில் நம் கை சீராக வேண்டும். இருபத்தைந்து தட்டில் பத்தை உடைக்கிறவருக்குத் தோட்டாவின் பெயரால் பதினொன்றாவது தட்டு உடையாது. கடையில் 24 அல்லது 28 கிராம் கிடைத்தால் அதை எடுங்கள். கிடைக்கவில்லை என்றால் இருப்பதில் எடை குறைந்ததையும் ரவை சிறியதையும் எடுங்கள். முடிந்தவரை ஒரே தொகுதி எண் உள்ள பெட்டிகளாகக் கேளுங்கள். இன்று ஒரு வகை, நாளை ஒரு வகை என்று சுட்டால் தப்பு உங்களுடையதா தோட்டாவுடையதா என்று கண்டுபிடிக்கவே முடியாது.

உங்கள் உரிமத்தில் ஒரே நேரத்தில் எத்தனை தோட்டா வைத்திருக்கலாம், ஆண்டுக்கு எத்தனை வாங்கலாம் என்று எழுதியிருக்கும். அந்தக் கணக்குக்குள்தான் வாங்க முடியும். கடைக்காரர் ஒவ்வொரு முறையும் அதைப் பதிவு செய்வார். போட்டியாளர் தகுதி பெற்றவர்களுக்குப் பயிற்சிக்கென்று கூடுதல் அளவு உண்டு. 2020 பிப்ரவரியில் உள்துறை அமைச்சகம் அந்த அளவுகளை உயர்த்தியது. விளையாட்டாக எடுத்துக்கொள்ளும் பிள்ளைகள் இதற்காகவேனும் ஒரு ரைபிள் கிளப்பில் உறுப்பினராகி முறையாகப் போட்டிகளில் கலந்துகொள்ளுங்கள். மற்றவர்களுக்கு எண்ணிக்கை குறைவு. அந்தக் குறைந்த எண்ணிக்கையை எல்.ஜி.யில் கழித்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். சுட்ட காலிக் கூடுகளை எறியாதீர்கள். கணக்குக் கேட்டால் காட்ட ஆகும்.

இருக்கிற தோட்டாவில் முதல் சிலவற்றைக் காகிதத்துக்கு வையுங்கள். நாலடிக்கு நாலடி காகிதம் ஒட்டி, 35 மீட்டர் தள்ளி நின்று, நடுப்புள்ளியைப் பார்த்து ஒரு தோட்டா. பிறகு ரவை அதிகம் விழுந்த இடத்தை நடுவாக வைத்து 75 சென்டிமீட்டர் வட்டம் போட்டு ஓட்டைகளை எண்ணுங்கள். பழைய இரட்டைக்குழலில் பெரும்பாலும் வலக்குழல் கொஞ்சம் அகலமாகவும் இடக்குழல் நெருக்கமாகவும் சுடும். முழுச் சோக் (குழல் நுனியின் முழுக் குறுக்கம்) என்றால் அந்தத் தூரத்தில் வட்டத்துக்குள் ஏறத்தாழ 70 விழுக்காடு ரவை விழ வேண்டும். அரைச் சோக்குக்கு 60. சோக்கே இல்லாத குழலுக்கு 40. இதைப் பார்க்காமல் தட்டின் பின்னால் ஓடுகிறவர்கள், எந்தக் குழல் எங்கே சுடுகிறது என்று தெரியாமலே பல பெட்டிகளைக் கரைக்கிறார்கள். தட்டுக்குப் போன பிறகும் தொடக்கத்தில் ஒரு குழலில் மட்டும் தோட்டா போடுங்கள். இரண்டாவது தோட்டா இருக்கிறது என்ற நினைப்பே முதல் குறியைக் கெடுக்கும்.

தோட்டாவே இல்லாத பயிற்சிதான் எல்லாவற்றிலும் மலிவு. விசையை அழுத்தும்போது முள் அடிப்பதைத் தாங்கிக்கொள்ளும் டம்மி தோட்டா ஒரு ஜோடி கடையில் கிடைக்கும். தினமும் கொஞ்ச நேரம், துப்பாக்கியைத் தோளுக்கு ஏற்றி, கன்னம் கட்டையில் ஒட்டுகிறதா என்று பாருங்கள். சுவரும் கூரையும் சேரும் கோட்டைக் குழலின் நுனியால் தடவிக்கொண்டே போய், நிற்காமல் விசையை அழுத்துங்கள். தட்டு உடைவதில் பாதி வேலை இந்தத் தோள் ஏற்றத்தில்தான் இருக்கிறது. ஆனால் ஒரு கட்டுப்பாடு: அந்த நேரத்தில் உண்மையான தோட்டா அந்த அறையிலேயே இருக்கக் கூடாது. வேறு அறையில், வேறு பூட்டில். பிள்ளைகள் வீட்டில் இருந்தால் இதில் தளர்வே கிடையாது. 4.5 மில்லிமீட்டர் ஏர் ரைபிளும் நல்ல துணை. 20 ஜூல் ஆற்றலுக்கு உட்பட்ட அந்த வகைக்கு உரிமம் தேவையில்லை என்று 2016 ஆயுத விதிகள் சொல்கின்றன. ஓடும் தட்டுக்கு அது பழக்காது என்றாலும் விசையை இழுக்காமல் அழுத்தக் கற்றுத்தரும்.

குறைந்த விலை என்று யாராவது காதோடு சொன்னால் கவனமாக இருங்கள். பழைய கூட்டில் மறுபடி மருந்து ஏற்றியது, யாரோ ஒருவர் உரிமத்தில் வாங்கி மிஞ்சியது, தாத்தா காலத்துக் காகிதக்கூட்டுத் தோட்டா என்று பல பெயரில் வரும். உரிமம் பெற்ற கடைக்கு வெளியே இப்படிக் கள்ளத்தனமாக வாங்குவது சட்டப்படி குற்றம். குற்றம் என்பது ஒருபுறம் இருக்கட்டும். அதற்குள் என்ன மருந்து, எவ்வளவு மருந்து என்று யாருக்கும் தெரியாது. காகிதக் கூடு ஈரம் குடித்து உப்பினால் அறைக்குள் சிக்கும். நம் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் கல்வராயன் மலை அடிவாரம் முழுக்க ஈரம் பிடிக்கும், மலையில் கேட்கவே வேண்டாம். தோட்டாவை அடுப்படிப் பரணில் வைக்காதீர்கள், தரையை ஒட்டியும் வைக்காதீர்கள். காற்றுப் புகாத டப்பாவில், சூடு படாத இடத்தில், பூட்டி வையுங்கள். பச்சை பிடித்தது, உப்பியது, விளிம்பு நசுங்கியது எதையும் சுட்டுப் பார்க்க வேண்டாம்; கடைக்காரரிடம் கேட்டுச் சட்டப்படி ஒப்படைத்துவிடுங்கள்.

விசை தட்டியும் வெடிக்கவில்லை என்றால் உடனே திறக்கக் கூடாது. குழல் எதிர்த்திசையைப் பார்த்தபடியே அரை நிமிடமாவது பொறுத்துப் பிறகு திறவுங்கள். மருந்து தாமதித்துப் பிடிப்பது உண்டு. "டப்" என்று மெலிந்த சத்தம் வந்து உதை குறைவாக இருந்தால் அதோடு நிறுத்திவிட்டு, துப்பாக்கியைத் திறந்து, குழல் வழியே வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். தோட்டாவின் உள்ளட்டை குழலிலேயே நின்றிருக்கலாம். அதன் பின்னால் அடுத்த தோட்டாவைச் சுட்டால் குழல் உப்பும் அல்லது கிழியும். வீட்டில் 20 போர் துப்பாக்கியும் இருந்தால் இரண்டின் தோட்டாவையும் ஒரே பையில் போடவே கூடாது. 20 போர் தோட்டா 12 போர் அறையைத் தாண்டி வழுக்கிக் குழலுக்குள் போய் நின்றுகொள்ளும். காலி என்று நினைத்து அதன் பின்னால் 12 போர் போட்டவர்கள் உலகெங்கும் கையை இழந்திருக்கிறார்கள். 20 போருக்கு மஞ்சள் கூடு என்ற வழக்கம் வந்ததே இதனால்தான். தேர்தல் அறிவித்ததும் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்து, முடிந்த பிறகு வாங்கி வருவீர்கள். அப்படித் திரும்பி வந்ததும் முதலில் குழலுக்குள் பாருங்கள். குளவி மண்கூடு கட்டியிருப்பது நடக்கக்கூடியது.

காதுக்கு அடைப்பு, கண்ணுக்குக் கண்ணாடி. ஒரு 12 போர் வெடியின் சத்தம் 150 டெசிபலைத் தாண்டும். கேட்கும் திறன் போனால் திரும்ப வராது. ஈயத்தைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் சாப்பிடாதீர்கள். ஏரி, குளம், அணை ஓரத்தில் ரவையைக் கொட்டாதீர்கள். அடியில் கிடக்கும் ஈய மணியைக் கூழாங்கல் என்று விழுங்கும் நீர்ப்பறவை நஞ்சேறிச் சாகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2023 பிப்ரவரியிலிருந்து ஈரநிலங்களில் ஈய ரவையைத் தடை செய்ததற்கு அதுவே காரணம். நம் பக்கத்துக் கோமுகி அணைக்கும் பறவைகள் வருகின்றன.

இப்போது அந்தக் கல்வராயன் மலையைப் பற்றி. இதைச் சொல்லாமல் தோட்டாவைப் பற்றி மட்டும் எழுதினால் பாதியை மறைத்தவன் ஆவேன். வெள்ளிமலை, கரியாலூர், சேராப்பட்டு, இன்னாடு பக்கத்துச் சொந்தங்களில் உரிமத்தோடு துப்பாக்கி வைத்திருப்பவர்கள் குறைவு. உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கி பிடிபட்டது என்ற செய்தி கல்வராயன் மலையிலிருந்து அடிக்கடி வருகிறது. 1976 வரை ஜாகிர்தார்களின் ஆட்சியில் இருந்த மலை அது. சாலையும் பள்ளியும் ஆஸ்பத்திரியும் தாமதமாக வந்த இடத்தில், சட்டம் மட்டும் காக்கி உடுப்பில் முதலில் வந்தது. காடும் வேட்டையும் வாழ்க்கையாக இருந்த மக்களிடம் ஒருநாள் திடீரென்று "இது குற்றம்" என்று சொன்னால் அவர்களுக்கு எப்படி இருக்கும் என்பது எனக்குப் புரிகிறது. புரிந்தும் அவர்களுக்குச் சொல்கிறேன்: அந்தத் துப்பாக்கியை வைத்திருக்காதீர்கள். அதன் குழலை யாரும் சோதித்து முத்திரை குத்தவில்லை. உள்ளே போடும் கரிமருந்துக்கும் பால்ரஸ் குண்டுக்கும் அளவில்லை. அதை வைத்துப் பழக ஒரு வழியும் இல்லை, மலிவான வழியும் இல்லை, விலைகூடிய வழியும் இல்லை. வெடித்தால் முதலில் போவது சுடுகிறவரின் கண்ணும் விரலும். இருட்டில் புதர் அசைந்தால் அது பன்றியா, விறகுக்குப் போய்த் திரும்பும் பங்காளியா என்று அந்தத் துப்பாக்கிக்குத் தெரியாது. ஊர்ப் பெரியவர்களோடு போய் ஒப்படைத்துவிடுங்கள்.

சட்டம் உழவரை மறந்துவிடவில்லை என்பதையும் மலையில் எடுத்துச் சொல்ல வேண்டும். 1959 ஆயுதச் சட்டத்தின் 13ஆம் பிரிவில், உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்காக வாய்வழி மருந்திடும் துப்பாக்கிக்கு உரிமம் தரலாம் என்று இருக்கிறது. அது போதாது என்று அதிகாரிக்குத் தோன்றினால் வேறு வழவழப்புக் குழல் துப்பாக்கிக்கும் தரலாம். மலைக்காரருக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுக்கவும், பயிற்சிச் சான்று வாங்கித் தரவும் ஆள் இல்லை என்பதுதான் சிக்கல். உரிமம் வாங்கிப் பழகிய நீங்கள் அந்த உதவியைச் செய்யலாம்.

ஆனால் உரிமம் இருந்தாலும் காட்டுப்பன்றியைச் சுட உங்களுக்கு அதிகாரம் இல்லை. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பன்றியும் பாதுகாப்பு அட்டவணையில் உள்ள விலங்கு. பன்றிக்காகத்தான் எல்.ஜி. என்று நினைத்தவர்கள் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு சட்டமன்றத்தில் அறிவித்த முறைப்படி, காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடக் கூடாது. ஒன்றிலிருந்து மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். மூன்றுக்கு அப்பால்தான் சுடலாம், அதையும் பயிற்சி பெற்ற அரசுப் பணியாளர்கள்தான் செய்ய வேண்டும். மலை ஊர்களைச் சுற்றிக் காடுதான் என்பதால் அங்கே இந்த வழிக்கு இடமே இல்லை. பக்கத்துக் கேரளத்தில் உரிமம் உள்ள சுடுநர்களை உள்ளாட்சித் தலைவர்கள் வழியாகப் பயன்படுத்தும் முறை 2022 இலிருந்து இருக்கிறது. நம் அரசும் ஒருநாள் அப்படி நினைக்குமானால், கணக்கில் வரப்போவது நன்றாகச் சுடத் தெரிந்த கை மட்டும்தான். தோட்டாவைப் பீரோவில் வைத்தவரை யார் அழைப்பார்கள்?

கல்யாணத்திலும் திருவிழாவிலும் வானத்தைப் பார்த்துச் சுடும் பழக்கம் நம் பக்கம் குறைவு. இனியும் வர வேண்டாம். 2019 டிசம்பரில் வந்த ஆயுதச் சட்டத் திருத்தம் அதற்கு இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்று வைத்திருக்கிறது.

கடைசியாக ஒரு வேலை. லேசான தோட்டா வாங்குங்கள், சுடுதளத்தில் சுடுங்கள் என்று எழுதிவிட்டேன். ஆனால் நம் மாவட்டம் 2019 நவம்பரில்தான் பிறந்தது. தட்டு சுடப் பழக இங்கிருந்து வெளி மாவட்டத்துக்குத்தான் போக வேண்டியிருக்கிறது. பேருந்துச் செலவும் ஒரு நாள் கூலியும் சேர்ந்தால் தோட்டாவின் விலை இரட்டிப்பாகிறது. ஆகவே ஒரு திங்கட்கிழமை, கலெக்டர் அலுவலகக் குறைதீர்க்கும் நாள் கூட்டத்துக்கு எல்லாரும் சேர்ந்து போவோம். மாவட்டத்தில் உரிமம் பெற்ற சுடுதளம் ஒன்று, காவல்துறையின் மேற்பார்வையிலேயே இருக்கட்டும். பயிர்ப் பாதுகாப்புக்கு உரிமம் பெற்றவர்களுக்கு, அந்தத் தளத்திலேயே வாங்கி அங்கேயே சுட்டுத் தீர்க்கும்படி சிறு ரவைத் தோட்டா ஒதுக்கீடு. ஆண்டுக்கு ஒருமுறை வெள்ளிமலையில் பாதுகாப்புப் பயிற்சி முகாம், அங்கேயே உரிம விண்ணப்பத்துக்கு உதவியும் வேண்டும். இந்த மூன்றையும் மனுவாக எழுதி வைத்திருக்கிறேன். வரும்போது உரிம நகல் ஒன்றைக் கையோடு கொண்டு வாருங்கள். துப்பாக்கியை வீட்டிலேயே பூட்டி வைத்துவிட்டு வாருங்கள்.

அன்புடன்,
உங்களைப் போலவே உரிமம் வைத்திருக்கும் ஒரு கச்சிராயப்பாளையம் விவசாயி